வருஷ பாஸும் மழைக்காலத்து ரேகையும்

போன வாரம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நான் வைத்திருக்கும் தீம் பார்க் வருஷ பாஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறதாம். இப்போதே புதுப்பித்தால் சலுகை உண்டாம். அதற்குக் கீழே ராட்டினம், பலூன், சிரிக்கிற முகம் என்று வரிசையாகப் படங்கள். மரக்காணத்தில் மூன்று நாளாக விடாத மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்று, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கிடக்கிறது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சிரிக்கிற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கி வாய்க்காலில் எறிந்திருப்பேன். அது ஒன்றுதான் இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

அந்த மாதிரி பாஸ் எடுத்தால் லாபமா என்று அக்கம்பக்கத்தில் சிலர் என்னைத்தான் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் அதை வாங்கிய முதல் ஆள் நான். கடைசி ஆளும் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

நான் உப்பளத்தில் கூலி வேலை செய்பவள். பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு உப்புக் கூடை சுமக்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். வீட்டுக்காரர் உப்பு லாரியில் லோடு ஏற்றி இறக்கப் போகிறவர். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். எங்களுக்கு ஒரே மகள். பாஸ் வாங்கியபோது ஏழாம் வகுப்பில் இருந்தாள்.

தை மாதம் பாத்தி கட்டத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. நான் விடிவதற்கு முன்பு கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் திரும்பும்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவள் சாயங்காலம் வீட்டுக்கு வரும் நேரத்தில் நான் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தூங்கும்போதுதான் பார்த்துக்கொண்டோம்.

அவளுடைய வகுப்பில் ஒரு பெண். அவள் அம்மா ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறார். அந்தப் பெண்ணும் அம்மாவும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் போய் வருவார்களாம். அவர்களிடம் வருஷ பாஸ் இருக்கிறதாம். இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து என் மகளுக்கு வேறு பேச்சில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ம்மா, ஒரு நாள் டிக்கெட்டு எவ்ளோன்னு பாத்துட்டேன். மூணு தடவை போனா பாஸ் காசு வந்துடும். நாலாவது தடவையிலேர்ந்து எல்லாம் ஃப்ரீ."

"நாலு தடவை போறதுக்கு எனக்கு நாள் எங்கடி இருக்குது?"

அவள் ரூபாயில் போட்ட கணக்கை நான் நாளில் போட்டேன். மழைக்காலம் மூன்று மாதம் சும்மா இருப்பேன். அதில் மூன்று தடவை போய்விடலாம். பிறகு கோடை லீவில் எப்படியாவது ஒரு நாள். கணக்கு ஏதோ சரியாக வருவதுபோல்தான் இருந்தது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

"உனக்கு ராட்டினம்தானே சுத்தணும்? மாசி மகத்துல சுத்திக்கயேன்," என்றேன்.

"ராட்டினம் இல்லம்மா. அங்க போனா சாயந்தரம் வரைக்கும் நீ என்கூட இருப்ப. தூங்க மாட்ட."

அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை வந்தது. அதை எடுத்துத்தான் பாஸ் வாங்கினேன், எனக்கொன்று, அவளுக்கொன்று. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கு இன்னா பைத்தியம் புடிச்சிருக்குதா? சோத்துக்குன்னு குடுத்த பணத்துல ஊஞ்சலாடப் போறியா?"

"ஆமா, ஆடத்தான் போறேன். நீங்க அந்தப் பணத்துல பண்றதவிட இது ஒண்ணும் மோசமில்ல," என்றேன். சாராயக் கடைப் பக்கம் போகாதவர்தான். ஆனாலும் கோபத்தில் வாயில் வந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரி ஒதுக்கிய உப்பை இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுச் சுமப்பது எங்கள் வேலை. பங்குனி பிறப்பதற்குள் விரல் நுனியில் தோல் வெடித்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே இருக்காது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். அதனால் எங்கள் தெருவில் உப்பளம் போகிற பெண்கள் யாரும் உப்புக் காலத்தில் அங்கே விரல் வைப்பதில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவோம். கார்டில் பேர் இருக்கிற யார் விரல் வைத்தாலும் அரிசி கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு என் மகளின் விரல்தான். மழை பிடித்து வேலை நின்றுவிட்டால் எங்கள் கையிலும் மெல்ல மெல்லத் தோல் ஏறி ரேகை திரும்பி வந்துவிடும்.

பார்க்கில் முதல் தடவை பாஸைப் பதியும்போது விரலை வைக்கச் சொன்னார்கள். ஒருவர் பாஸில் இன்னொருவர் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவாம். அது மழைக்காலம். வேலை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் என்னை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதில் எனக்குப் பெருமை வேறு. வருஷக்கணக்காக ரேஷன் கடையில் அவமானப்பட்டவளுக்கு அந்த நேரத்தில் உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. சந்தோஷத்துக்கென்று வந்த இடத்தில் ரேஷன் கடை யாருக்கு நினைவு வரும்?

அன்றைக்கு நல்ல மழை. தண்ணீர் விளையாட்டு எல்லாம் மூடியிருந்தது. காற்று அதிகம் என்று பெரிய ராட்டினத்தையும் நிறுத்திவிட்டார்கள். கட்டிக்கொண்டுபோன தக்காளிச் சோற்றை உள்ளே விடமாட்டோம் என்றதால் வாசலிலேயே நின்றபடி தின்றுவிட்டுப் போனோம். ஒரு சின்ன ரயில் மட்டும் ஓடியது. அதில் நாலு சுற்று சுற்றினோம். மீதி நேரம் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். அவள் பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொன்னாள். நான் தூங்கவில்லை.

"மே மாசம் வரலாம்மா. அப்ப எல்லாம் தொறந்திருக்கும்," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கிளம்ப நினைத்தோம். ஒரு தடவை புயல் எச்சரிக்கை. இன்னொரு தடவை, மழையால் இன்று விடுமுறை என்று பார்க்கிலிருந்தே மெசேஜ். வெயில் வந்தது; பார்க்கைத் திறந்தார்கள். அதே வெயிலுக்குத்தான் உப்பளமும் காத்திருந்தது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்தச் சின்ன விஷயம் பாஸ் வாங்கும்போது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உப்பு பூக்கிற நேரத்துல லீவா? ஊட்ல எதுனா விசேஷமா?"

"பொண்ண பார்க்குக்கு இட்டுனு போறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார் மேஸ்திரி. போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பார்க் வாசலில் மகள்தான் முன்னால் போனாள். விரலை வைத்தாள். பச்சை. கம்பி சுழன்று அவளை உள்ளே விட்டது. அந்தப் பக்கம் நின்று "வாம்மா, வாம்மா" என்று குதித்தாள். நான் விரலை வைத்தேன். சிவப்பு.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சிவப்பு. மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டது.

"கைய நல்லா கழுவிட்டு வாங்கம்மா, அழுக்கு இருந்தா எடுக்காது," என்றது கவுண்டரில் இருந்த பெண்.

அழுக்கா? நாள் முழுக்க உப்பிலேயே கிடந்து தேய்ந்த கை. இதைவிடச் சுத்தமான கையை அந்தப் பெண் எங்கே பார்த்திருக்கப் போகிறது? இருந்தாலும் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். சிவப்பு. என் மகள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினாள்.

"அக்கா, எங்கம்மாவுக்கு நான் வெக்கறேன். ரேஷன் கடையில நான்தான் வெப்பேன்."

கவுண்டரில் இருந்த பெண் சிரித்தது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் மகளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். ஆதார் கார்டைக் காட்டினேன். சிஸ்டம் ஒத்துக்கொண்டால்தான் விட முடியும் என்றார். மறுபடி பதிய வேண்டுமென்றால் ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும். இல்லையென்றால் இன்றைக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகலாம். பணம் கொடுத்து வாங்கின பாஸைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு டிக்கெட் என்று நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். உண்மை என்னவென்றால் டிக்கெட் எடுத்தால் திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காசு இருக்காது. அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை.

"கத்தாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மகள்.

பெரியவர்கள் இல்லாமல் குழந்தையைத் தனியாக உள்ளே விடமாட்டோம் என்று சொல்லி, காவலாளி அவளை வேறொரு வழியாக வெளியே கூட்டி வந்து என்னிடம் விட்டார். மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ உள்ளே இருந்திருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் வைத்து, இன்னும் ஆறாத கோபத்தை எல்லாம் அவள்மேல் கொட்டினேன்.

"உன்னாலதாண்டி இந்த மானக்கேடு. பாஸ் பாஸ்னு என் உயிர எடுத்த. இப்ப சந்தோஷமா?"

அவள் மரக்காணம் வந்து இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வார்த்தைகளை நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று நாள் கழித்துக் கேட்டாள்.

"ம்மா, லீவு முடியற வரைக்கும் நானும் உன்கூட உப்பளத்துக்கு வரட்டுமா?"

"வெயில்ல வந்து இன்னாடி பண்ணுவ?"

"சும்மா. உன்கூட இருக்கேன்."

பஸ் நிறுத்தத்தில் பேசியது உறுத்திக்கொண்டே இருந்ததால் சரி என்றேன். மேஸ்திரி வேறு ஆளை ஒன்றும் போட்டிருக்கவில்லை. அந்த வெயிலுக்கு ஆள் கிடைத்தால்தானே. முதல் நாள் தார்ப்பாய் நிழலில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் எழுந்து வந்து என் கூடையில் உப்பை அள்ளிப் போட ஆரம்பித்தாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவள் அள்ளிப் போட்டால் எனக்குக் குனிகிற வேலை மிச்சம். மேஸ்திரியும் வாயைத் திறக்கவில்லை; ஓசியில் ஆள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? நாங்கள் பேசிக்கொண்டே வேலை செய்தோம். சிரித்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது அந்த மூன்று வாரம்தான்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அரிசி வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வழக்கம்போல விரலை வைத்தாள். சிவப்பு. பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அடுத்த விரலை வைத்தாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, பொண்ணுக்கும் விழல? இதுவும் உப்புக்கு வருதா?"

வரிசையில் இருந்தவர்கள் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. மகள் மட்டும் தன் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ம்மா, எனக்கும் உன்ன மாதிரியே ஆயிடுச்சு பாரேன்."

அதை அவள் பெருமையாகச் சொன்னாள். என் ஜென்மத்தில் அப்படி ஒரு அடி நான் வாங்கியதில்லை. அரிசி வாங்காமல் திரும்பினோம். வீட்டுக்காரர் லோடு முடிந்து வந்து விரல் வைத்த பிறகுதான் உலையில் அரிசி விழுந்தது. அன்றிலிருந்து அவளை உப்பளத்துப் பக்கமே விடுவதில்லை.

இப்போது அவளுக்கு ரேகை முழுசாக வந்துவிட்டது. மழைக்காலம் என்பதால் எனக்கும் வந்துவிட்டது. நேற்று அவள் என் போனை எடுத்து நோண்டும்போது அந்த மெசேஜைப் பார்த்தாள்.

"மறுபடி பாஸ் எடுக்கப் போறியாம்மா?"

"வேணாம்."

"அப்ப உப்பளத்துக்காவது இட்டுனு போவியா?"

"அடி வாங்கப் போற. அந்தப் பேச்சே வேணாம்."

போனை என் கையில் வைத்தாள். அப்புறம் கேட்டாள்:

"அப்ப லீவுக்கு நான் உன்கூட எங்க இருக்கறதும்மா?"