நூறு எவர்சில்வர் தட்டு

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் கீழே கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் காகிதத் தட்டுகள் வாசல் குப்பைத் தொட்டியில் நிரம்பி வழியும். நாய்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு தெருக்கோடி வரை போகும். இதைப் பார்த்து எங்கள் சங்கச் செயலாளர் மனம் நொந்துபோனார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கையாவது விடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“தூக்கிப் போடற பொருளே இனிமே வேண்டாம். எவர்சில்வர்ல நூறு தட்டு வாங்கிடுவோம். நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் இருக்கும்,” என்றார் கூட்டத்தில். அவருடைய பேரன் பேத்திகள் டொரன்டோவில் இருக்கிறார்கள். ஆனாலும் எல்லோரும் கைதட்டினோம்.

தட்டு வாங்க என்னையும் முதல் மாடி மாமியையும் தி.நகருக்கு அனுப்பினார்கள். மாமி ஒவ்வொரு தட்டையும் விரலால் சுண்டிப் பார்த்தாள். “லேசா வாங்கிண்டு போனா நாலு நாள்ல நெளிஞ்சுடும். கனமாவே எடுத்துடலாம்,” என்றாள். பேர் வெட்டுகிறவர் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சங்கத்தின் முழுப்பெயர், விலாசம், ‘இயற்கையைக் காப்போம்’ என்ற வாசகம் எல்லாம் தட்டின் நடுவில் வர வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. எழுதிக்கொண்டு போன சீட்டைப் படித்துவிட்டு, “தட்டுல சோறு வைக்கணுமா, படிக்கணுமா?” என்று பேர் வெட்டுகிறவர் கேட்டார். விலாசத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னோம்.

பொங்கலன்று தட்டுகள் பளபளவென்று வந்து இறங்கின. பூமியைப் பற்றிச் செயலாளர் நீளமாகப் பேசினார். பொங்கல் ஆறிவிட்டது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. இதுவரை எங்கள் தட்டுகளைக் கழுவியது குப்பைத் தொட்டி. இனி யார் கழுவுவது என்று கூட்டத்தில் யாரும் பேசவே இல்லை.

செயலாளரின் கண் மெதுவாகத் திரும்பி மாடிப்படியில் போய் நின்றது. எங்கள் வீடு உட்பட ஐந்து வீடுகளில் வேலை செய்கிற பெண் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், என்னியப் பாக்கறீங்க? நீங்க கூப்ட்டீங்கன்னுதான் சாப்ட வந்துகீறேன்,” என்றாள்.

“அவங்கவங்க தட்ட அவங்கவங்க கழுவிக்கலாமே,” என்று யாரோ சொன்னார்கள். சொன்னதுதான் தாமதம், நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் போன் வந்துவிட்டது. காதில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனவர்கள் திரும்பவில்லை. செயலாளர் ஒரே ஒரு தட்டை, வீடியோ எடுக்கும்வரை கழுவினார். அந்தப் பெண் சாப்பிட்டு முடித்து, தன் தட்டைப் பளிச்சென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பெரும்பாக்கத்துக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். மிச்சத்தை நானும் மாமியும் கழுவினோம். மறுநாள் என் இடுப்பு நிமிரவில்லை.

தட்டுகள் மோட்டார் அறைக்குப் போயின. ஆடி மாதம் அந்தப் பெண் என்னிடம் வந்து, “எம்மா, எங்காண்ட கூழு ஊத்தி சாப்பாடு போடறோம். அந்தத் தட்டு சும்மாத்தான கீது, குடேன்,” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஆட்டோவில் எல்லாம் திரும்பி வந்தன.

அன்று மாலையே செயலாளர் எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

“சங்கச் சொத்தை யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“நம்ம வீட்ல வேலை செய்யறவங்களுக்குத்தானே சார் குடுத்தேன்.”

“அதுக்கில்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கூழோட அவங்க கருவாட்டுக் குழம்பு வைப்பாங்களே.”

“எவர்சில்வர்தானே சார். கழுவினா போயிடும்.”

“எல்லாம் போயிடுமா?” என்றார்.

அவள் இரண்டு கையாலும் தினமும் தேய்த்து வைக்கிற பாத்திரத்தில்தான் அவர் வீட்டிலும் சமைக்கிறார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

இரவே வாட்ஸப் குழுவில் சுற்றறிக்கை வந்தது: சுகாதாரத்தை முன்னிட்டுப் பொதுத் தட்டுகள் இனிப் பயன்படுத்தப்பட மாட்டா. கட்டை விரல்கள் வரிசையாக உயர்ந்தன. நெளிந்துவிடும் என்று பயந்து கனமாகத் தேர்ந்தெடுத்த முதல் மாடி மாமியும் ஒரு விரலை உயர்த்தியிருந்தாள்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றிவிட்டுக் காகிதத் தட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். சாம்பார் ஊறித் தட்டு மடங்கி, செயலாளரின் கதர் வேட்டியில் பாதி இறங்கியது. “இதுல ஒரு சௌகரியம், அப்படியே தூக்கிப் போட்டுடலாம்,” என்று துடைத்துக்கொண்டே சொன்னார். நாய்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தன.

மோட்டார் அறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெரும்பாக்கத்தில் இதற்குள் ஒரு வளைகாப்பும் ஒரு காதுகுத்தும் நடந்துவிட்டன. காதுகுத்துக்கு நானும் போய், ‘இயற்கையைக் காப்போம்’ மேல் பிரியாணி வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.