பன்னீர்ச் செம்பும் பச்சைப் புள்ளியும்

எங்கள் அண்ணை வல்வெட்டித்துறையில் கடலட்டைக்குச் சுழியோடுகிறவர். அட்டை கிடக்கும் இடம் படகிலிருந்து தெரியாது. இறங்கித்தான் தேட வேண்டும். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாளுக்கு ஐந்தாறு தரம் இறங்குவார். அப்படி இறங்கி ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும். ஒருதரம் அதனால் வலது கால் இழுத்துக்கொண்டது, பாதி உணர்வுதான் திரும்பி வந்தது. "இன்னொருக்கா வந்தால் எழும்ப மாட்டீர்" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவருக்காகத்தான் அந்த இயந்திரத்தைச் செய்தேன். நான் ஒரு தொழில்நுட்ப நிலையத்தில் எலெக்ட்ரோனிக்ஸ் படிப்பிக்கிறவள். பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம், நாலு மோட்டர், ஒரு கமரா, ஒரு பச்சை லேசர், அவ்வளவுதான். கடலின் அடியிலிருந்து ஒரு முழ உயரத்தில் மிதந்துபோனால் அட்டைகள் படத்தில் தெரியும். முட்டினால் சேறு கிளம்பி ஒன்றும் தெரியாது. அந்த ஒரு முழத்தைக் காப்பாற்றத்தான் லேசர். தரை கிட்ட வர வர, அதில் விழும் பச்சைப் புள்ளி படத்தில் இடம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும்.

வேலைக்குப் போக முன்னம் விடிய ஐந்தரைக்கு இறங்குதுறையில் விட்டுப் பார்ப்பேன். ஒரு மாதம் முழுக்க ஒரு பிழையும் இல்லை. அண்ணை கரையில் குந்தியிருந்து பார்ப்பார். அந்த மாதம் அவர் கடலில் இறங்கவேயில்லை.

"உதை நம்பித்தான் தங்கச்சி இருக்கிறன். எங்கை கிடக்குதெண்டு தெரிஞ்சால் ஒருக்கா இறங்கினாப் போதும்" என்றார்.

ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப் படகு வேண்டும். கரையில் ஓட்டிக் காட்டினால் தருகிறோம் என்று மீனவர் சங்கம் சொன்னது. அந்தக் கதை எங்கள் நிலைய அதிபரின் காதில் விழுந்ததுதான் தாமதம், கோதாரி, விழா என்று ஆகிவிட்டது. பந்தல், பதாகை, குத்துவிளக்கு, கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர்.

அன்று காலை நான் இயந்திரத்தோடு நிற்க, அதிபர் வந்தார்.

"பிள்ளை, நீர் சீலையோடை வாசலிலை நில்லும். பன்னீர்ச் செம்பும் சந்தனமும் ஆரேன் பொம்பிளைப் பிள்ளை பிடிக்க வேணும். மெசினைப் பிறகு பாப்பம்."

"சேர், காத்து எழும்ப முந்தி இறக்க வேணும்."

"கடலுக்கை விடுற சாமான் காத்துக்குப் பயப்பிடுமே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தட்டை வாங்கினேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னை நினைக்க எனக்கே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை. பேசிய ஒருவருக்காவது லேசர் எதற்கு என்று தெரிந்திருந்தால் கேளுங்கள். இயந்திரத்தைத் தண்ணீரில் வைக்கும்போது பன்னிரண்டு மணி. உச்சி வெயில். காற்றும் எழும்பிவிட்டது. அலையில் உடைந்த வெயில் கடலடியெங்கும் பளிச்சுப் பளிச்சென்று ஆட, கமரா அவற்றையெல்லாம் லேசர்ப் புள்ளி என்று எடுத்துக்கொண்டது. தரை இன்னும் தூரத்தில் இருக்கிறதென்று நினைத்து நேரே போய்ச் சேற்றுக்குள் குத்தியது. திரையில் வெறும் கலங்கல். விடியற்புறம் மட்டுமே சோதித்த எனக்கு உச்சி வெயில் இப்படிச் செய்யும் என்று தெரியாது. அது என் பிழைதான், மறுக்கவில்லை.

"நல்ல முயற்சி" என்று விருந்தினர் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். சங்கத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், "படகு இப்ப இல்லைப் பிள்ளை" என்றார். அண்ணை இயந்திரத்தின் வயரைச் சுற்றித் தந்துவிட்டுப் போனார்.

திருத்தம் மூன்று பின்னேரத்து வேலை. லேசரை மாறி மாறி எரியவிட்டு அணைத்து, எரியும்போது எடுத்த படத்திலிருந்து அணைந்தபோது எடுத்த படத்தைக் கழித்தால் வெயில் போய்விடும், புள்ளி மட்டும் மிஞ்சும். நாலாம் நாள் நடு மத்தியானம் இறங்குதுறையில் விட்டேன். தரையிலிருந்து ஒரு முழம் பிசகாமல் போய் வந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. அண்ணைக்குப் போன் எடுத்தேன், அவரின் மனைவி, மச்சாள்தான் எடுத்தா. அவர் முந்தின நாளே கடலுக்குப் போய் நாலு தரம் இறங்கியிருந்தார். கடைசியாக ஏறினவரைப் படகிலிருந்து தூக்கித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் இருந்து அவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இப்ப வேலை செய்யுது" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு, "ஏன் அவ்வளவு தூரத்திலை இருக்கிறாய்? கிட்ட வந்து கையைப் பிடி" என்றார்.