பதினோரு அடிக்கு ஒரு டிவி

எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் ஏழு அடி. அப்பா என்னிடம் கொடுத்த துண்டுச் சீட்டில் பதினோரு அடி என்று எழுதியிருந்தது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி, மனை போட்டு விற்ற புதுத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. அப்பா அதே ஆபீசில் வேலை செய்தார், நடந்தே போய்விடுவார். புதிதாக ஒரு தட்டை டிவி வாங்கப் போகிறேன், எந்த அளவு சரி, எந்த வகை நல்லது என்று நீதான் பார்த்துச் சொல்லவேண்டும் என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. முடித்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். நான்கு வருடம் படித்ததற்கு வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி அது. அதுவரை ஃபியூஸ் போனால்கூட எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவார்கள்.

அளவு தப்பாக இருக்கிறதே, நம் ஹால் ஏழு அடிதானே என்றேன். முன்பக்கச் சுவரை எடுத்துவிட்டு வராந்தாவை ஹாலோடு சேர்க்கப் போவதாகவும் மேஸ்திரியிடம் பேசிவிட்டதாகவும் அப்பா சொன்னார். ஒரு பொறியாளர் அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி, வராந்தாவின் அகலம் என்ன என்பது. நான் கேட்கவில்லை. அதன் அகலம் மூன்றடி. பிறகு ஒருநாள் அளந்து பார்த்தேன்.

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். தேரடி வீதியில் மூன்று கடைகளுக்குப் போய் ஒவ்வொரு மாடலின் பின்பக்கத்தையும் பார்த்தேன். பிறகு ஒரு வரைபடத்தாளில் கட்டம் போட்டு எழுதினேன்: திரை அளவு, எல்சிடியா பிளாஸ்மாவா, எத்தனை இணைப்புத் துளைகள், எவ்வளவு கரண்ட் இழுக்கும், சர்வீஸ் சென்டர் ஊரிலா வேலூரிலா. பதினோரு அடிக்கு நாற்பத்திரண்டு அங்குலம் என்று கடைசி வரியில் எழுதிக் கோடு போட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, இதையே இன்னொரு தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொடு என்றார். கடைக்காரருக்கு எதற்கு அழகான கையெழுத்து என்று நினைத்தேன். எழுதிக்கொடுத்தேன்.

மாசி மாதம் டிவி வந்தது. ஏழு அடியில் அது ஒரு தொந்தரவு. செய்தி வாசிப்பவரின் மூக்கு என் உள்ளங்கை அகலம் இருந்தது. கேபிளில் வரும் படம் அந்தப் பெரிய திரையில் பொரிபொரியாகத் தெரிந்தது. அம்மா இரண்டாம் நாளே சமையலறை வாசலுக்கு நாற்காலியைக் கொண்டுபோய்விட்டாள். அங்கிருந்து பார்த்தால் தலை வலிக்கவில்லையாம். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சீரியல் ஓட ஓட, நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன்.

அந்தத் தேர்வைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குச் சென்னையில் எம்.இ. படிக்க ஆசை. முந்தின ஆனியில், நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எம்.இ. முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் கல்யாணப் பேச்சு கிடையாது, யார் ஜாதகம் கேட்டு வந்தாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நானாகக் கேட்டு வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அவராகச் சொன்னது. அம்மாவும் அங்கேதான் நின்றாள். அந்த ஒரு வாக்கின் மேல்தான் நான் தினமும் காலை நாலரைக்கு எழுந்து படித்துக்கொண்டிருந்தேன்.

டிவி விஷயத்தில் சில சின்னச் சின்ன வினோதங்கள் இருந்தன. சுவரில் மாட்டலாம் என்றால் ஓட்டை போட வேண்டாம் என்றார்கள். ஓரங்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தை உரிக்க விடவில்லை. அட்டைப் பெட்டி, தெர்மோகோல், பாலிதீன் பை எல்லாம் பரணில் பத்திரமாக ஏறின. பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் போடாமல் படுக்கையறையில் வைத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஸ்கூட்டர் சீட்டின் பிளாஸ்டிக்கையே மூன்று வருடம் உரிக்காதவர்கள் உண்டு. இதையெல்லாம் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது திரையின் இடது ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு பச்சைக் கோடு விழுந்தது. வாரண்டி இருக்கிறதே என்று சீட்டைத் தேடி எடுத்தேன். கடை முத்திரை இருந்தது. வாங்கியவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, தேதி இல்லை. தேதி இல்லாத வாரண்டி செல்லாது. மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது கடைக்குப் போனேன். அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்துதான் போனேன்.

கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பாதாம்மா போட வேணாம்னாரு. கல்யாணத் தேதி முடிவானதும் மாப்பிள்ளை பேருலயே எழுதிக்கலாம், வாரண்டி அங்க போன நாள்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்னாரு."

எனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மேலும் சொன்னார்: "கீழ்பென்னாத்தூர்ல அவங்க வூட்டு ஹாலு நல்ல பெருசும்மா. சரியா அளவு பாத்துதான் எழுதியிருந்த. வைகாசியா, ஆனியா?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது பொய் இல்லை. பச்சைக் கோட்டைப் பற்றிச் சொல்ல மறந்துபோய்க் கடையை விட்டு இறங்கினேன். தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஆயிரக்கணக்கான பேர் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்க, நான் எதிர்த்திசையில் ஸ்கூட்டியை நோக்கி நடந்தேன்.

அம்மா ஹாலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரில் யார் வீட்டு ஹால் பதினோரு அடி என்று கேட்டேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் தோலைப் பாத்திரத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட ஆரம்பித்தாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தை மாதமே பேச்சு முடிந்துவிட்டது. பையன் வெளிநாட்டில் வேலை, ஆடி முடிந்து வருகிறான். அவர்கள் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. பெண் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவளாயிற்றே, சீரில் டிவி வைப்பதாக இருந்தால் அவளே பார்த்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்கள். ஹால் அளவையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். டிவியைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்றுதான் பிரித்து ஓடவிட்டார்களாம். கடைக்குப் போனது முதல் தாள், நான் இரண்டாவதாக எழுதிய தாள் போகவில்லை. அந்த வீட்டுக்குப் போயிருந்தது. பையனின் அப்பா அதை வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினாராம்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு சொன்னாங்க பாப்பா" என்றாள் அம்மா, எனக்கு அதில் ஆறுதல் இருக்கும் என்பதுபோல.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டியே."

அந்தப் பதிலில் தவறு இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக அந்தச் சமையலறை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் புத்தகத்தை மூடினால், இன்னும் கொஞ்சம் படி, டீ போட்டுத் தருகிறேன் என்று சொன்னவளும் அவள்தான். அப்பாவின் பொய்யைவிட அந்த டீதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா வந்ததும் கேட்டேன். அழவில்லை, கத்தவில்லை. எம்.இ. முடியற வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க என்றேன். சொன்னேன், இப்படி ஒரு எடம் வரும்னு எனக்கு அப்ப தெரியுமா என்றார். படிக்கறதை அங்க போய்ப் படி, அவங்க வேணாம்னு சொல்லலையே என்றார்.

"கேட்டீங்களாப்பா?"

அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தார். ஏற்கெனவே நேராக இருந்ததை மறுபடி நேராக்கினார். கேட்கவில்லை என்று புரிந்தது.

தேர்வு எழுதினேன், எதிர்பார்த்ததைவிட நல்ல ரேங்க் வந்தது. கவுன்சலிங் கடிதம் வந்த அன்று இன்னொரு வரைபடத்தாள் எடுத்தேன். கட்டம் போட்டேன். எனக்கு வேண்டியவை என்று தலைப்பு. ஒன்று, இரண்டு வருடம் சென்னையில் முழுநேரப் படிப்பு. இரண்டு, அந்த இரண்டு வருடமும் விடுதியில் இருப்பேன். மூன்று, படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போவேன். நான்கு, இவை கல்யாணத்துக்கு முன்பே பையனுக்கு நேரடியாகத் தெரிய வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, அம்மாவிடம் முகவரி கேட்டேன். அவள் முதலில் தரவில்லை. "மானம் போயிடும்டி" என்றாள். என் கையெழுத்து அவர்களுக்குப் பிடிக்குமே என்றேன். அவளிடம் நான் சொன்னவற்றில் மிகவும் கடுமையானது அது. அன்று மாலை முகவரியை ஒரு பால் ரசீதின் பின்னால் எழுதி என் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது, எனக்கல்ல, தரகர் மூலமாக அப்பாவுக்கு. பட்டியல் போட்டுக் கேட்கிற பெண் தங்கள் வீட்டுக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்களாம். முதல் பட்டியல் இனித்தது, இரண்டாவது கசந்தது. அப்பா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசாமலேயே பீரோவிலிருந்து என் சான்றிதழ் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். கவுன்சலிங்குக்குச் சென்னைக்குக் கூடவே வந்தார், வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றார். சீட் கிடைத்தது என்றேன். தலையாட்டினார். திரும்பும் வழியில் பஸ் நின்ற இடத்தில் டீ வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

டிவி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. யாரும் சுவரை இடிக்கவில்லை.

விடுதிக்குப் போன முதல் வருடம் கரண்ட் கட் ஜாஸ்தியாக இருந்தது. ஒரு மத்தியானம் அப்பா போன் செய்தார். வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் போடலாம் என்று இருக்கிறேன், எத்தனை பேட்டரி, எந்த வகை என்று நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா என்றார். ஆசையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும், அந்த வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள்.

"யாருக்குப்பா?" என்றேன்.

மறுமுனையில் தெருவில் வண்டி போகும் ஒலி கேட்டது. அம்மாவுக்குத்தான், ஃபேன் ஓடலைன்னா அவளுக்கு முடியலை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அம்மாவிடம் போனைக் கொடுங்கள், கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவளும் மறைத்தவள்தானே, அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றி, நிறுத்திக்கொண்டேன். கடையில கேட்டாலே சொல்வாங்கப்பா என்றேன். சரிம்மா என்று சொல்லிவிட்டு அவர் போனை வைக்காமல் இருந்தார். நான்தான் முதலில் வைத்தேன்.