கொய்ங் போன கிட்டார்

பல்லக்கா என்ற பெயரை வைத்தவன் அவளுடைய சொந்தத் தம்பிதான். பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் இருபத்திரண்டு வருடமாகப் பொய்ப்பல் செட் செய்கிறாள். மெழுகை உருக்குவாள், அச்சு எடுப்பாள், பொடியையும் திரவத்தையும் குழைத்து ஈறு வார்ப்பாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பெரியவர்கள் அவள் கைவேலையை வைத்துத்தான் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது.

கிட்டார் ஆசை முப்பத்தெட்டு வயதில் வந்தது. பல்செட்டுக்குக் கம்பி வளைத்தே இறுகிய விரல்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வரும் விரல்வலி அவளுக்கு வரவே இல்லை. ஆறு வருடமாகிறது. சனிக்கிழமை மாலை ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று மணி நேரம் வாசிக்கிறாள். தம்பி டிரம்ஸ். வாரத்தின் மற்ற நாட்களை அவள் தள்ளுவதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான்.

இப்போது அதற்குத்தான் வேட்டு வந்திருந்தது. நான்கு மாதத்துக்கு முன் கூடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விளக்குகள் போட்டார்கள். அன்றிலிருந்து கிட்டாரைத் தொடாமல் இருந்தாலும் ஸ்பீக்கரில் ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல்.

“மேடம், சாப்பிடறவங்க ஈ மொய்க்குதான்னு தட்டைப் பாக்கறாங்க,” என்றார் ஓட்டல் மேனேஜர். “வர்ற சனிக்கிழமைக்குள்ள இது போகணும். இல்லன்னா கீபோர்டு ஆளைக் கூப்பிட்டுக்கறேன். தப்பா நினைக்காதீங்க.”

திங்கட்கிழமை அக்காளும் தம்பியும் இசைக்கருவிக் கடையில் நின்றார்கள். கடைக்காரர் கிட்டாரைப் புரட்டி, கம்பிகளுக்கு அடியில் இருந்த இரண்டு பிக்கப்புகளையும் தட்டிக் காட்டினார்.

“காந்தத்தைச் சுத்தி ஒத்தைச் சுருள். கம்பி அதிர்றதையும் பிடிக்கும், விளக்கோட இரைச்சலையும் சேத்துப் பிடிக்கும். ரெட்டைச் சுருள் போட்டா இரைச்சல் அடங்கிடும். ஆனா அது அகலம், கட்டையை வெட்டணும். வெட்ட வேண்டாம்னா ஒண்ணுக்கு அடியில ஒண்ணா சுருள் வெச்சது இருக்கு, இதே குழியில உக்காரும். அப்படியே பிரிட்ஜ், டியூனிங் சாவி எல்லாம் மாத்திடலாம்மா.”

“அண்ணே, கிட்டாரையே மாத்தச் சொல்லிடுங்க. தோள்ல மாட்டற பெல்ட்டை மட்டும் வெச்சுக்கறோம்,” என்றான் தம்பி.

அவள் கையில் இருந்த பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். அவள் காதைக் கேட்டால் டியூனிங் சாவி என்றுதான் சொல்லும். கம்பியை இழுத்து வாசித்தால் சுருதி இறங்கிவிடுகிறது, அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் மேனேஜர் காதுக்குச் சுருதியெல்லாம் ஒரு பொருட்டல்ல. பிக்கப் ஜோடியையே எடுக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து, பெட்டியில் இருந்த பிக்கப்பின் காந்தங்களுக்கு இடையே வைத்துப் பார்த்தாள்.

“இது வேண்டாம். ரெண்டு மில்லி குறையுது. கடைசிக் கம்பிக்கு நேரா காந்தம் வராது.”

“ரெண்டு மில்லிதானம்மா!”

“ரெண்டு மில்லி பிசகினா செட்டு வாயில நிக்காது. தும்மினா எதிராளி மடியில நிக்கும்.”

கடைக்காரர் வேறு பெட்டி எடுத்தார்.

புதன்கிழமை மதிய இடைவேளையில், பின்பக்க அறையில் அவளே புது பிக்கப்புகளைப் பொருத்தி ஒயர்களைப் பற்றவைத்தாள். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் கணீரென்று இருந்தன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலி மெலிந்துபோனது.

“சளி பிடிச்சுக்கிச்சா?” என்றான் கேட்க வந்திருந்த தம்பி.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மேல் செட்டுக்குக் கீழ் செட்டு எதிர்முகமாகத்தான் அமையும் என்று பழகிய கை, இரண்டாவது பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் எதிராகவே இணைத்திருந்தது. மாற்றிப் பற்றவைத்ததும் ஒலி நிறைந்து வந்தது.

மறுநாள் சுருதி இறங்கும் சமாசாரத்தையும் விடவில்லை. அறையில் இருந்த பூதக்கண்ணாடியைக் கிட்டாரின் தலைப்பக்கம் பிடித்துப் பார்த்தாள். கம்பிகள் படிந்து போகும் சின்னப் பிளாஸ்டிக் கட்டையின் பள்ளங்களில் கம்பி சிக்கிக்கொண்டு நின்றது. பாவம், டியூனிங் சாவிமேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு செட்டுக்குப் போக மீந்திருந்த ஈறுக் கலவையில் அதே அளவுக்குப் புதுக் கட்டை வார்த்து, பள்ளம் அறுத்து, பல்லைப் பளபளப்பாக்குவதுபோல் தேய்த்தாள். கம்பி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. சுருதி இறங்காமல் நின்றது.

சனிக்கிழமை மேனேஜர் விளக்கைக் குறைத்தார், கூட்டினார், பாதியில் நிறுத்தினார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். சத்தமே இல்லை. “வாசிங்க,” என்றார்.

வாசித்தார்கள். இரண்டாவது பாட்டில் மெதுவான இடம் வந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

“கொய்ங் போயிடுச்சு, சந்தோஷம். இது என்ன கீச்சு கீச்சுன்னு?”

எல்லோரும் டிரம்ஸ் பக்கம் திரும்பினார்கள். தம்பி பெடலிலிருந்து காலை எடுத்தான், சத்தம் நின்றது. இத்தனை நாள் கொய்ங்குக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்திருந்தது அது.

“மேடம், நீங்க எப்பவும்போல சனிக்கிழமை வந்துடுங்க. தம்பி, அதை அடுத்த வாரத்துக்குள்ள பாத்துடுங்க,” என்று சொல்லிவிட்டு மேனேஜர் சமையலறைப் பக்கம் போனார்.

தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிட்டாரை உற்றுப் பார்த்தான். “என்னக்கா, தலைல இளஞ்சிவப்பா? ஈறா அது?”

“ஈறுதான்.”

“யாரோடது?”

“வர்ற செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிட்டுப் போவாரு. அவர் வாய்ல சேரப்போறது போக மிச்சம்,” என்றாள். “உன் பெடலைக் கழட்டிக் குடு. திங்கட்கிழமை அறைக்குக் கொண்டுபோறேன்.”