சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு திண்டுக்கல்காரர்

காலையில் பல் விளக்கி, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் வரிசையாக ஏழு சுருட்டைப் பற்றவைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. தாராவியில் ஒரு சுருட்டுப் பட்டறையில் ருசி பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. முகம் சுளிக்காதீர்கள். பத்துப் பேர் குழம்புக்கு உப்புப் பார்த்துவிட்டு, கடைசியில் நமக்கு ஒரு கரண்டி மிஞ்சாமல் நிற்கிறோமே, அந்தச் சகோதரிகள் எல்லோரும் என் கூட்டம்தான். சமாசாரம் கொஞ்சம் புகையும், அவ்வளவுதான்.

நாற்காலி கிடைத்தது

முதலில் நான் அங்கே இலை நரம்பு கிழிக்கத்தான் போனேன். சுருட்டு சுற்றுவது ஆண்கள்; புகையிலை நரம்பைக் கிழித்துக் கொடுப்பது பெண்கள். அந்த வேலையில் ஒரே ஒரு தொந்தரவு. சோப்பு, சாம்பல், புளி எதைப் போட்டுத் தேய்த்தாலும் கைக் கசப்பு போகாது. என் மகள் பொன்னிக்கு அப்போது மூன்று வயது. என் கையால் ஒரு கவளம் ஊட்டினால் அப்படியே துப்பிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி ஊட்டினால் ‘ஆ’ என்று வாயைத் திறப்பாள். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் புதிதாக வந்த மூட்டையைப் பிரித்ததுமே, “இது மழையில் நனைஞ்சு காஞ்ச இலை, ஒரு பக்கமாத்தான் எரியும்” என்று சொன்னேன். முதலாளி அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது ருசி பார்த்துக்கொண்டிருந்தவர் வெற்றிலையும் வாயுமாக இருக்கிறவர். அவர் நாக்குக்குப் புகையிலையும் ஒன்று, புளியங்கொட்டையும் ஒன்று. ‘பிரமாதம்’ என்றுவிட்டார். போன சரக்கு முழுவதும் பதினைந்தாம் நாள் திரும்பி வந்தது. மறுநாள் அண்ணாச்சி பட்டறையின் பின்மூலையில் ஒரு சாக்கைத் திரையாகக் கட்டி, உள்ளே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். நரம்பு கிழிக்க வேண்டாம், கை கசக்காது. நான் அந்த நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பொம்பள ருசி பாக்கான்னு தெரிஞ்சா ஒரு பய வாங்க மாட்டான். திண்டுக்கல்லேருந்து ஒரு ஆளு வந்திருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். விசயம் வெளிய போச்சுன்னா நீ பழையபடி நரம்பு கிழிக்கத்தான். இருமல் வந்தா மட்டும் ஆம்பள மாதிரி இருமு, சொர்ணம்.”

பல்வலி

ருசி பார்ப்பது என்றால் இழுத்து ஊதுவது இல்லை. பற்றவைக்குமுன் மோந்து பார்க்கணும். காதருகே வைத்து லேசாக உருட்டணும். மொறமொறவென்றால் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, சத்தமே இல்லையென்றால் ஈரம். பிறகு இரண்டே இழுப்பு, புகையை விழுங்கக் கூடாது. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றால் முதல் தரம், கட்டுக்குச் சிவப்பு நூல். சுமாருக்கு மஞ்சள். கறுத்துப் பொலபொலவென்று கொட்டினால் வெள்ளை. நடுவில் வெந்நீரால் வாய் கொப்பளித்து நாலு பொட்டுக்கடலை. காரம், புளி, வெற்றிலை கூடாது.

இத்தனை சட்டமும் தெரிந்த நான் ஒருநாள் கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று இரண்டு கிராம்பை அடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எந்தச் சுருட்டைப் பற்றவைத்தாலும் கோயில் பிரகாரம் மாதிரி மணக்கிறது! ஏழு பேர் சுற்றியதற்கும் சிவப்பு நூல். பட்டறையில் ஒரே கொண்டாட்டம். மறுநாள் வலி நின்றதும்தான் எனக்கு உறைத்தது. நானே போய் அண்ணாச்சியிடம் சொல்லி, எல்லாக் கட்டையும் அவிழ்த்து, மறுபடி பார்த்து ஐந்துக்கு மஞ்சள் நூல் கட்டினேன். பதினெட்டு வருஷமாகச் சுருட்டுச் சுற்றுகிற செல்லையா அண்ணன் தன் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “தங்கச்சி, உனக்குத் தெனமும் பல்லு வலிக்கணும்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிடுதேன்.”

மாதுங்கா மூக்கு

மாதுங்காவிலிருந்து ஓர் ஆபீஸ்காரர் சனிக்கிழமைதோறும் டிராம் ஏறி, கொஞ்ச தூரம் நடந்து வருவார். ஆத்துக்காரிக்குத் தெரியாமல் பிடிக்கிற சுருட்டு. அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஏலக்காய். சிவப்பு நூலைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். வாங்கி மூக்கருகே நீட்டி, கண்ணை மூடி, வயலின் கேட்கிற மாதிரி தலையை ஆட்டுவார். சாக்குப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போடுவார். உள்ளே நான் பொட்டுக்கடலை மென்றுகொண்டிருப்பேன்.

உலகச் சண்டைக் காலம் அல்லவா? ஒருவாரம் கடைத்தெரு பூராவும் சிவப்பு நூல் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் முதல் தரத்தை வெள்ளை நூலில் கட்டிவைத்தோம். அண்ணாச்சி விவரம் சொல்லுவதற்குள் மனிதர் மோந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, “குதிரை லாயம் ஓய்!” என்று எறிந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை நூல் வந்துவிட்டது. அவர் எறிந்த அதே கட்டுக்கு நான் சிவப்பு நூல் மாற்றி வெளியே நீட்டினேன். கண்ணை மூடினார், தலையை ஆட்டினார், சாக்கைக் கும்பிட்டார். போகும்போது அண்ணாச்சி தோளைத் தட்டிச் சொன்னார்: “போன வாரச் சரக்குக்கும் இதுக்கும் வித்யாசம் தெரியறதோ? இதுக்குத்தான் ஓய், நாக்குன்னு ஒண்ணு வேணும்!”

வீட்டிலும் தரம் பிரித்தாயிற்று

வேலையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்கள். நான் விட்டுவிட்டுத்தான் வந்தேன். பொன்னி எடுத்து வந்துவிட்டாள். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி அவளைச் சாக்குக்குப் பின்னால் கொண்டுவந்து விடுவாள்; நான் ருசி பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் சோறு ஊட்டிவிடுவேன். கசப்பு இல்லாததால் என் கையாலேயே சாப்பிடுவாள். ஆனால் ஒவ்வொரு கவளத்தையும் மோந்து, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

ரேஷன் அரிசி எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மில்லில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார். இலை போட்டுச் சோறு வைத்ததும் பொன்னி ஒவ்வொரு இலையாகப் போய்க் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, “மூணும் வெள்ளை நூல்!” என்று தீர்ப்புச் சொன்னாள். விருந்தாளிகளுக்குக் கை பாதி வழியில் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏட்டி, இவளுக்கும் நம்ம சோத்துக்கும் நடுவுல ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிடு.”

திண்டுக்கல்காரர் தரிசனம்

அம்பர்நாத்தில் பெரிய கடை வைத்திருக்கிற வியாபாரி ஒருவர் வந்தார். ஆலைத் தொழிலாளிகளுக்கு வருஷம் முழுக்கச் சுருட்டு வேண்டும், ஆனால் திண்டுக்கல்காரரை நேரில் பார்க்காமல் பேச்சில்லை என்றார். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் வரச் சொல்லிவிட்டு, தன் மைத்துனன் முருகையாவைப் பிடித்தார். நல்ல உயரம், அதைவிட நல்ல மீசை, வேறு வேலை கிடையாது. தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தி, என் நாற்காலியை வெளியே இழுத்து அவனை அதில் உட்காரவைத்தார். நான் சாக்குக்குப் பின்னால் தரையில். நாற்காலி போன திசையைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் பொன்னிக்குச் சோறு யார் ஊட்டுவது என்று நினைத்தேன்.

வியாபாரி தன் பையிலிருந்து நூல் கட்டாத மூன்று சுருட்டை எடுத்து நீட்டினார். முருகையா முதலாவதை இழுத்து, “முதல் தரம்” என்றான். இரண்டாவது, “அதைவிட முதல் தரம்.” மூன்றாவதை இழுத்தபோது கண் சொருகியது, “இதுக்கு மேல தரமே கெடையாது” என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தான். பீடி கூடப் பிடிக்காதவன், புகையை எல்லாம் விழுங்கியிருக்கிறான். வியாபாரி செருப்பைத் தேடினார்.

அவர் போனால் பட்டறைக்கு அடி. நான் வெளியே போனால் எனக்கு அடி. எதுவானாலும் நரம்புதான் என்றால், வாயையாவது திறந்துவிட்டுப் போகலாம் என்று எழுந்துபோய், மூன்றையும் எடுத்து இரண்டிரண்டு இழுப்பு இழுத்தேன். “முதல் ரெண்டும் நம்ம பட்டறைச் சரக்கு, அண்ணாச்சி. இது மஞ்சள், இது வெள்ளை. மூணாவது நம்மது இல்ல. பூசணத்தைத் தொடச்சிட்டு எண்ணெ தடவியிருக்கு.” வியாபாரி தேடிய செருப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, மீசைக்காரருக்கு மோர் குடுத்துப் படுக்க வையும், நாற்காலிய இந்தம்மாவுக்குப் போடும்.”

மாப்பிள்ளை உத்தியோகம்

சாக்கு போய்விட்டது, நாற்காலி வாசல் பக்கம் வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம் அண்ணாச்சி இப்போது, ‘திண்டுக்கல்காரர் கிட்டப் படிச்ச பொம்பள’ என்கிறார். என்றுமே பிறக்காத அந்த மனிதருக்கு ஒரு சிஷ்யை கிடைத்தாயிற்று.

சென்ற வாரம் முருகையா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான், கையில் ஒரு தபால் கார்டும் பென்சிலும். ஆண்பிள்ளை வேலை பெண்பிள்ளை கைக்கு வந்தாலும், அதன் பெருமை மட்டும் எப்படியாவது ஒரு மீசையைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ருசி. “மதினி, ஊர்ல பொண்ணு பாத்திருக்காவ. மாப்ளைக்குப் பம்பாயில என்ன வேலைன்னு கேட்டு எழுதியிருக்காவ. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். சுருட்டு ருசி பாக்குற உத்தியோகம்னு நீங்களே ஒரு வரி எழுதிக் குடுங்களேன்.”