படம் இல்லாத கொக்கி

உயரத்தில் வேலை செய்பவர் தன் கயிற்றைக் கட்டும் கொக்கியை மொட்டைமாடியில் பதிப்பது ஒரு வேலை. பதித்தது தாங்கும் என்று காகிதத்தில் காட்டுவது அதைவிடப் பெரிய வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே இருந்து இந்த இரண்டையும் செய்த சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என்னிடம் சொந்தக் கேமரா இருப்பது தெரிந்த அன்றே முதலாளி என்னைக் கூரைக்கு ஏற்றிவிட்டார். கோப்பும் கையுமாக வெயிலில் காய்ந்த சகாக்களே, மேலே என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

மூன்று படம்

ஒவ்வொரு கொக்கியையும் ஜாக் என்ற இழுவைக் கருவியை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். அசையாமல் நின்றால், எண் எழுதிய சிலேட்டைப் பக்கத்தில் சாய்த்து நான் படம் எடுக்க வேண்டும். ஒருநாள் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக் கூரையில் மண்டியிட்டும் குப்புறப் படுத்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. வாசல் காவலாளி, ஒரு தமிழ்ப் பெரியவர், நான் மயங்கி விழப்போகிறேன் என்று பயந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய பார்லி தண்ணீரோடு அத்தனை படியும் ஏறி வந்தார். இன்றைக்கும் அவர் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். நான் குடித்து முடிக்கும்வரை என்னையும் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங் கல்யாணத்துக்கே மூணு படம்தாம்மா எடுத்தாங்க."

ஆள் இல்லாத படம்

சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோக்காரரிடம் முதல் ஃபிலிம் சுருளைக் கொடுத்தேன். மறுநாள் ஒரே ஒரு படத்தை உறையில் போட்டு நீட்டினார். அதில் எங்கள் கம்பெனி லாரி ஓட்டுநர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் எங்கே என்று பதறினேன். நெகடிவ் பத்திரமாகத்தான் இருந்தது. மனிதர் பாவம், எனக்கு உதவி செய்ததாகவே நினைத்திருக்கிறார்: "ஆளே இல்லாத படமெல்லாம் கை தவறி எடுத்ததுன்னு விட்டுட்டேன்மா."

நோ ஃபோர்

ஆரோக்கியம் அண்ணன் கயிற்றில் தொங்கிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். கயிறு கட்டுமுன் என் படங்களை வாங்கி, ஒவ்வொரு கொக்கியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறார் என்று எல்லோரும் கேலி செய்வோம். நானும்தான்.

பன்னிரண்டு மாடி ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு கொக்கி. நான் டைப் அடித்து வைத்திருந்த பட்டியலைப் புதிதாக வந்த சூப்பர்வைசர் லிம் பார்த்தார். "நோ ஃபோர் லா" என்று நான்கைப் பென்சிலால் அடித்தார். நான்காவது கொக்கி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். சீனர்களுக்கு நான்கு என்ற சொல் சாவு மாதிரி ஒலிக்கும், ஆகாது என்பது சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நடுவில் மழை வந்து ஒதுங்கினோம். விட்டதும் லிம் தூரத்திலிருந்து "த்ரீ ஏ?" என்று கேட்டார். எதைச் சொன்னாலும் லா, ஏ என்று இழுக்கிற மனிதர். மூன்று முடிந்ததா என்று கேட்கிறார் என்றெண்ணி, முடிந்தது என்று கத்தினேன். நான்குக்கு அவர் வைத்த பெயர்தான் 3A. அதை இழுத்துப் பார்க்காமலே ஐந்துக்குப் போய்விட்டோம்.

படங்கள் வந்த அன்று ஆரோக்கியம் அண்ணன் வழக்கம்போல் ஒப்பிட்டுக்கொண்டே போய் ஒரு கொக்கி முன்னால் நின்றுவிட்டார். இதற்குப் படம் எங்கே என்றார். நான்கு கேன்சல் அண்ணே என்றேன். கேன்சலான கொக்கி எப்படி இங்கே நிற்கிறது என்று அவர் கேட்ட பிறகுதான் 3A எது என்று எனக்கு உறைத்தது. லிம் ஓடிவந்து ஜாக்கை வைத்தார். பாதி இழுப்பதற்குள் சிமெண்டோடு கொக்கி கையில் வந்துவிட்டது. ஆரோக்கியம் அண்ணனின் இடுப்புக் கயிறு அதில்தான் கட்டப்பட இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். லிம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மட்டும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்: "ஜாதகம் பொருந்தலம்மா. வா, டீ குடிக்கலாம்."

பூசை முடிந்து

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஆரோக்கியம் அண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் படத்தால்தான் தன் புருஷன் பிழைத்தார் என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. படம் எடுக்காமல் விட்டதே நான்தான் அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் பார்க்கத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கையை விடவில்லை: "அதெல்லாம் சொல்லிட்டாரு. எடுக்காத படத்துக்கு வேற படத்த ஒட்டி ஏமாத்தலயே நீங்க, அது போதும்."

கூரை கூரையாக ஏறிப் படம் எடுத்துத் தள்ளிய எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது, நான் எடுக்காமல் விட்ட அந்த ஒரு படம்தான்.