கடைசி விரல்

அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே அந்தப் பெண் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஓர் அறையில் அவருடைய கணவர், இன்னொன்றில் என் அண்ணன். தேக்கா சந்தையிலிருந்து அவர் நேரே ஓடி வந்திருக்க வேண்டும். மடியிலிருந்த பையில் முருங்கைக்கீரை வாடிக்கொண்டிருந்தது.

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “ஊர்லேர்ந்து இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுக்கா. டேக்ங்கிற ஒரு வார்த்தை மட்டும் தெரிஞ்சா பாதி இங்கிலீஷ சமாளிச்சிரலாம்னு வீட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்தாரு. டேக் பஸ், டேக் லிஃப்ட், டேக் மெடிசின்...” என்றார்.

தாதி வெளியே வந்ததும் எழுந்து ஓடினார். “ஹவ் லாங் வில் இட் டேக்?” கொஞ்சமும் தடுமாறவில்லை. தாதியும் அதை நம்பி, ஆங்கிலத்தில் மளமளவென்று விளக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். இவர் பழகியிருந்தது கேள்விகளை மட்டும்தான்.

“என்னக்கா சொன்னாங்க?”

“ரத்தம் இன்னும் நிக்கலையாம்மா. நேரமாகுமாம்.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு கடைசி விரலை மடக்கினார்.

“கேன் ஐ டேக் ஹிம் ஹோம்... இது சரியாக்கா?”

“சரிதாம்மா” என்றேன்.

அதற்குள் என் அண்ணனை வார்டுக்கு மாற்றிவிட்டதாகக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனபோதும் அவர் அந்த விரலைப் பிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய்த்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.